மூட்டை கட்டும்போதே சோர்வு: களப்பணி கேள்வி–பதில்

கேரள, ஆந்திர எல்லை ஊர்களில் களப்பணிக்கு அலைகிற பிஎச்.டி. மாணவர்களின் கடிதங்கள் இந்த மாதம் நிறைய. தலைப்பு வேறு, ஊர் வேறு, புலம்பல் மட்டும் ஏறக்குறைய ஒன்று: ‘போக மனசே வரவில்லை.’ கேட்டவர்களின் பெயரைத் தவிர்த்து ஊரை மட்டும் கொடுத்திருக்கிறோம்.

சமூகவியலில் மூன்றாம் ஆண்டு. கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து ஜீப்பில் இடுக்கி ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குப் போகும் பெண்கள்தான் என் ஆய்வு. இரண்டு முறை களத்துக்குப் போய்வந்தேன். மூன்றாவது பயணத்தை மாதக்கணக்கில் தள்ளிப்போடுகிறேன். பிடித்துத்தான் இந்தத் தலைப்பை எடுத்தேன். ஆர்வம் எங்கே போயிற்று? (வாசகி, உத்தமபாளையம்)

எங்கும் போகவில்லை. ஒன்றை மட்டும் சரிபாருங்கள்: இரண்டு பயணத்தில் பதிவுசெய்த பேட்டிகளில் எத்தனையை எழுத்தில் இறக்கியிருக்கிறீர்கள்? ‘ஒன்றிரண்டு’ என்றால் சிக்கல் அங்கேதான் இருக்கிறது. அமைதியான அறையில் பதிவான தெளிவான குரல் என்றாலே, ஒரு மணி நேரப் பேச்சை எழுதி முடிக்க ஐந்தாறு மணி நேரம் பிடிக்கும். பின்னால் மிக்ஸி ஓடி, பக்கத்து வீட்டு அத்தை இடையில் புகுந்து, தமிழும் மலையாளமும் கலந்து வந்தால் இன்னும் கூடும். பதினைந்து மணி நேரப் பதிவு கையில் இருந்தால் குறைந்தது தொண்ணூறு மணி நேர வேலை பாக்கி. தினம் நான்கு மணி நேரம் உட்கார்ந்தாலும் மூன்று வாரத்துக்கு மேல் ஆகும். பழைய கடனுக்கு வட்டியே கட்டாதவர் புதுக் கடனுக்குக் கையெழுத்துப் போடத் தயங்குவார் அல்லவா? நீங்கள் தயங்குவதும் அப்படித்தான். அதற்குச் சோம்பல் என்று பெயர் வைப்பது அநியாயம்.

ஆகவே இப்போதைக்கு பஸ் டிக்கெட் வேண்டாம், ஹெட்போனை எடுங்கள். முழுசாக எழுதவும் வேண்டாம். ஒவ்வொரு பதிவையும் ஒருமுறை ஓடவிட்டு, நாலைந்து நிமிடத்துக்கு ஒரு வரி வீதம் என்ன பேச்சு வந்தது என்று நேரத்தோடு குறியுங்கள். ‘17ஆம் நிமிடம், ஜீப் வாடகைப் பிடித்தம். 22, மூத்த மகள் படிப்பை நிறுத்தியது’ என்கிற அளவு போதும். ஒரு மணி நேரப் பதிவுக்கு ஒன்றரை மணி நேரம் ஆகும். தினம் இரண்டு என்றால் ஒரு வாரம், பத்து நாளில் முழுவதும் முடிந்துவிடும். எந்தப் பகுதியை வரிக்கு வரி எழுத வேண்டும் என்பதும் அதற்குள் தெரிந்துவிடும். பெரும்பாலும் அது மொத்தப் பதிவில் பாதியைத் தாண்டாது.

இந்த வேலையைச் செய்யும்போதே எதையெல்லாம் கேட்காமல் விட்டோம் என்பதும் தட்டுப்படும். அதை ஒரே பக்கத்தில் எழுதுங்கள். ‘பெண் தொழிலாளர் வாழ்நிலை’ என்று எழுதினால் பயணத்துக்கு உதவாது. ‘மழையில் ஜீப் பாதி வழியில் திரும்பினால் அன்றைய கூலி உண்டா? யார் முடிவு செய்கிறார்?’ என்று எழுதினால் உதவும். இந்த ரகத்தில் ஆறேழு கேள்விகள் தேறினால் கிளம்பலாம். இரண்டுதான் தேறுகிறது என்றால் போனிலேயே கேட்டு முடித்துவிடுங்கள். எதற்கென்று தெரியாமல் போகிற பயணம்தான் ஆளை அதிகம் அடிக்கும்.

அடுத்தது நேரம். இந்தப் பெண்கள் விடிவதற்குள் சோறு கட்டிக்கொண்டு கம்பம்மெட்டு, குமுளி, போடிமெட்டு மலைச்சாலைகளில் ஏறி, பொழுது சாயும்போது இறங்குகிறவர்கள். ராத்திரி ஏழு மணிக்கு நீங்கள் திண்ணையில் போய் உட்கார்ந்தால் அடுப்பு, தண்ணீர், பிள்ளைகள் என்று எழுந்து எழுந்து போவார்கள். எட்டரைக்குக் கண் சொருகும். நாலு நாள் இப்படி அரைகுறைப் பேட்டியோடு திரும்பினால் ‘நமக்கு இந்த வேலை வராது’ என்று தோன்றத்தான் செய்யும். ஆனால் அங்கே கோணலாக இருப்பது நேரம் மட்டுமே. காய் பறிப்பு ஆகஸ்ட் வாக்கில் சூடுபிடித்து ஜனவரி, பிப்ரவரி வரை சுற்றுச் சுற்றாக நடக்கும். அந்த மாதங்களைக் கூடப் போய்ப் பார்ப்பதற்கு வைத்துக்கொள்ளுங்கள். நீண்ட பேட்டிகளை ஞாயிற்றுக்கிழமைகளுக்கும், பறிப்பு ஓய்ந்த மார்ச் முதல் மே வரையிலான நாட்களுக்கும் ஒதுக்குங்கள். அதிலும் வீரபாண்டி சித்திரைத் திருவிழா வாரத்தில் யாரும் வீட்டில் இருக்கமாட்டார்கள். அந்த வாரத்தைக் காலண்டரில் அடித்துவிடலாம். அல்லது ஆய்வை மறந்து நீங்களும் திருவிழாவுக்குப் போகலாம்.

கூடப் போய்ப் பார்ப்பது ஏன் முக்கியம் என்றால், ஏலச்செடியில் காய் உச்சியில் தொங்குவதில்லை. தூரின் அடியிலிருந்து கிளம்பும் சரம் தரையோடு படிந்து கிடக்கும். காய் இருப்பது அதில்தான். பறிக்கிறவர் குந்தியோ இடுப்பை மடித்தோ சரத்தை விலக்கி, முற்றிய காயை மட்டும் எடுத்து, பிஞ்சை விட்டுவிட்டு அடுத்த தூருக்கு நகர வேண்டும். இதை அரை மணி நேரம் பக்கத்தில் இருந்து பார்த்தவர் ‘வேலை எப்படிங்க இருக்கு?’ என்று கேட்கமாட்டார். அதற்கு ‘என்னமோ ஓடுதும்மா’ என்பதற்கு மேல் பதில் வராது. ‘அக்கா, முதுகு எத்தன மணிக்குப் பிடிக்க ஆரம்பிக்கும்? அப்ப என்ன பண்ணுவீங்க?’ என்று கேட்டுப் பாருங்கள். கங்காணி, ஓய்வு நேரம், கையோடு கொண்டுபோகும் மாத்திரை, அரைநாள் கூலி என்று ஒவ்வொன்றாக வரும். நல்ல பதில் வந்த நாளில் யாருக்கும் களம் அலுப்பதில்லை.

பயணத்தைப் பத்து நாளாக வெட்டுங்கள். சனிக்கிழமை போய்ச் சேர்ந்து, அடுத்த வாரத்துக்கு அடுத்த திங்கள் திரும்பினால் இரண்டு ஞாயிறு கையில் இருக்கும். முதல் நாள் பதிவுக் கருவியை வெளியே எடுக்காமல் பழைய முகங்களைப் பார்த்துவிட்டு மட்டும் வாருங்கள். நடுவில் புதன்கிழமை களம் கிடையாது. அன்று துணி துவைப்பு, தூக்கம், விட்டுப்போன குறிப்புகள், கோப்புகளை நகல் எடுப்பது. மற்ற நாட்களில் இரண்டு பேட்டிக்கு மேல் எடுக்க வேண்டாம். மூன்றாவது பேட்டியில் காது கேட்கும், மனசு கேட்காது. முதல் பேட்டியில் நடந்ததும் மூன்றாவதில் நடந்ததும் ஒன்றோடொன்று குழம்பிவிடும். அன்றன்று இரவு தூங்கப் போகும் முன் நாற்பது நிமிடம் குறிப்பு எழுதுங்கள். யார் எங்கே உட்கார்ந்தார், யார் வந்ததும் பேச்சு நின்றது, எந்தக் கேள்விக்குச் சிரித்தார் என்பதெல்லாம் பதிவில் விழாது. மறுநாள் காலையில் பாதிதான் நினைவிருக்கும்.

கருவி பற்றி ஒரு வார்த்தை. போனிலேயே பதிவு செய்தால் ஏரோபிளேன் மோடில் போடுங்கள். நடுவில் அழைப்பு வந்தால் பல போன்களில் பதிவு நின்றுவிடும், நின்றது உங்களுக்குத் தெரியவும் தெரியாது. தனி ரெக்கார்டர் என்றால் 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், மோனோ, வேவ் கோப்பு போதும். ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 320 எம்பி ஆகும், 32 ஜிபி கார்டில் நூறு மணி நேரம் அடங்கும். மேசைமேல் நேராக வைத்தால் டம்ளர் வைக்கும் சத்தமெல்லாம் இடியாக விழும். மடித்த துண்டின்மேல் வையுங்கள். இரண்டு இடத்தில் நகல் வைக்காமல் கார்டை அழிக்கக் கூடாது. அந்த இரண்டு நகலும் ஒரே பையில் இருக்கக் கூடாது.

வரலாற்றுத் துறை. பாலக்காடு, சித்தூர் வட்டாரத் தமிழ் உழவர் குடும்பங்கள் பற்றிய ஆய்வு. திருவனந்தபுரம் ஆவணக் காப்பகத்தில் ஒரு வாரம் உட்கார்ந்தும் உருப்படியாக எதுவும் கிடைக்கவில்லை. வெறுத்துவிட்டது. (வாசகர், கொழிஞ்சாம்பாறை)

வெறுக்க வேண்டாம், இடம்தான் மாறிவிட்டது. ஊர் இன்று எந்த மாநிலத்தில் இருக்கிறது என்று பார்த்தால் போதாது, அன்று யார் ஆட்சியில் இருந்தது என்று பார்க்க வேண்டும். பாலக்காடு தாலுகா மதராஸ் மாகாணத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்தது. அதன் வருவாய்த்துறைக் கோப்புகளை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்திலும் கோழிக்கோடு வட்டாரக் காப்பகத்திலும் தேடுங்கள். சித்தூர் கொச்சி சமஸ்தானம், அதற்கு எர்ணாகுளம். திருவனந்தபுரம் பொருந்துவது திருவிதாங்கூரில் இருந்த பகுதிகளுக்கு: தேவிகுளம், பீர்மேடு, 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டையும். பக்கத்துப் பக்கத்து ஊர் என்றாலும் காகிதம் வேறு வேறு பட்டணத்தில் தூங்குகிறது. போவதற்கு முன் ஆண்டு, தாலுகா, துறை மூன்றையும் எழுதி அட்டவணை பார்க்க வேண்டும் என்று கடிதம் அனுப்பிவிடுங்கள். நெறியாளர் கடிதம், அடையாள அட்டை இவற்றோடு பென்சிலும் எடுத்துப் போங்கள். பழைய தாள் பக்கம் பேனாவை அனுமதிக்கமாட்டார்கள்.

பரம்பிக்குளம் பகுதி ஓடைக்கரைப் பெரணிகள் பற்றித் தாவரவியலில் ஆய்வு. வனத்துறை அனுமதி ஏழு மாதமாக வரவில்லை. உடன் சேர்ந்தவர்கள் கட்டுரை போட்டுவிட்டார்கள். விட்டுவிடலாமா என்று இருக்கிறது. (வாசகி, பொள்ளாச்சி)

விடுவதற்கு முன் கோப்பு எங்கே நிற்கிறது என்று பாருங்கள். சரணாலயத்துக்குள் ஆய்வுக்கு நுழைய 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 28ஆம் பிரிவின்படி அந்த மாநிலத் தலைமை வனவிலங்குக் காப்பாளரின் அனுமதி வேண்டும். பரம்பிக்குளம் கேரளத்தில் இருப்பதால் மனு திருவனந்தபுரம் போகும். அங்கிருந்து கருத்துக் கேட்டுக் கீழே சரக அளவுக்கு இறங்கி, மறுபடி மேலே ஏற வேண்டும். கோப்பு படுத்துக்கொள்வது பெரும்பாலும் கீழேதான். வேண்டுமென்று யாரும் படுக்க வைப்பதில்லை. களத்தில் இருக்கும் அதிகாரி கேட்கும் கேள்விக்கு உங்கள் மனுவில் பதில் இருக்காது. எத்தனை மாதிரி எடுப்பீர்கள், செடியின் எந்தப் பாகம், எங்கே ஒப்படைப்பீர்கள், உடன் வருவது யார், இரவு தங்குவீர்களா? ‘தேவைக்கேற்ப மாதிரிகள் சேகரிக்கப்படும்’ என்ற ஒரு வரி போதும், கோப்பு அசையாது. ‘ஒரு இனத்துக்கு இரண்டு இலைகள் மட்டும், கிழங்கைத் தொடமாட்டோம், மாதிரிகள் இன்ன ஹெர்பேரியத்தில் (உலர்த்திய செடிகளைத் தாளில் ஒட்டி வைக்கும் காப்பகம்) ஒப்படைக்கப்படும், உதவியாளர் ஒருவர், காலை எட்டு முதல் மாலை நான்கு வரை’ என்று எழுதிக் கூடுதல் விவரமாக அனுப்புங்கள். உள்ளே நுழைவது வேறு, உள்ளிருந்து எதையும் எடுத்து வருவது வேறு. இரண்டையும் மனுவில் தனித்தனியாகக் கேட்க வேண்டும்.

‘ஆண்டு முழுவதும்’ என்று கேட்பதும் ஒரு தப்பு. பிப்ரவரி முதல் மழை வரும்வரை காட்டுத்தீ காவலுக்கே ஆள் போதாது. உங்களோடு அனுப்ப வாட்சர் கிடைக்கமாட்டார். பெரணிக்கும் அது காய்ந்த காலம். தென்மேற்குப் பருவமழை தணிந்த பிறகு செப்டம்பர் தொடங்கி ஜனவரி வரை என்று மாதத்தைக் குறித்துக் கேளுங்கள். கோப்பு எண்ணைப் போட்டு மாதம் ஒரு கடிதம். போனில் கேட்டால் ‘பார்க்கிறோம்’ என்பார்கள், ஆனால் அது கோப்பில் ஏறாது.

இன்னொரு சிக்கலைப் பலர் செக்போஸ்ட்டில் நிற்கும்போதுதான் தெரிந்துகொள்கிறார்கள். இடம் கேரளம் என்றாலும் வண்டிப்பாதை தமிழ்நாட்டுச் சேத்துமடை, டாப்ஸ்லிப் வழியாக, ஆனைமலைப் புலிகள் காப்பகத்துக்குள் போகிறது. அடிக்கடி போய்வரப் போகிறீர்கள் என்றால் வண்டி எண், உடன் வருபவர் பெயரோடு தமிழ்நாட்டு வனத்துறைக்கும் இப்போதே எழுதிவிடுங்கள். கேரள உத்தரவு கையில் இருந்தும் கீழே காத்துக்கிடப்பது பரிதாபம்.

காத்திருக்கும் மாதங்களை என்ன செய்வது? கோவையில் வேளாண் பல்கலைக்கழக வளாகத்தில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையமும் மெட்ராஸ் ஹெர்பேரியமும் இருக்கின்றன. பொள்ளாச்சியிலிருந்து காலையில் பஸ் ஏறினால் மாலை திரும்பலாம். ஆனைமலைப் பக்கம் சேகரித்த பெரணித் தாள்கள் ஒவ்வொன்றிலும் லேபிள் இருக்கும். இனம், இடம், தேதி, உயரம், சேகரித்தவர் என்று ஐந்து கட்டம் போட்டு நிரப்புங்கள். எந்த இனம் எந்த ஓடையில் எந்த மாதம் வித்துத்தூளோடு எடுக்கப்பட்டது என்று தெரிந்தால், அனுமதி வரும்போது முப்பது இடம் சுற்றாமல் பன்னிரண்டில் முடிக்கலாம். ஆய்வேட்டின் முதல் அத்தியாயத்துக்கும் அந்த அட்டவணை ஆகும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆலோசனைக் குழு முன் நிற்கும்போது காட்டவும் ஆகும். வெறுங்கையோடு அந்த அறைக்குள் போவதுதான் மனசை உடைக்கிறது, தாமதம் அல்ல.

வால்பாறை தனியார் எஸ்டேட்டுகளுக்குள் ஓடையோரச் சோலைத் துண்டுகள் உண்டு. மேனேஜர் எழுத்தில் அனுமதி கொடுத்தால் அங்கே முறையைச் சோதித்துப் பார்க்கலாம். எஸ்டேட் எல்லை எங்கே முடிகிறது, வனம் எங்கே தொடங்குகிறது என்று வரைபடத்தில் அவரிடமே குறித்து வாங்கிக்கொள்ளுங்கள். ஆழியாரிலிருந்து நாற்பது கொண்டை ஊசி வளைவு. வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு பஸ் ஏற வேண்டாம். அட்டை கடிக்காமல் இருக்கக் காலில் உப்பு தடவினால் மழையில் பத்து நிமிடத்தில் கரைந்துவிடும். நெருக்கமாக நெய்த துணியில் முழங்கால் வரை வரும் அட்டை உறைதான் சரி.

ஆரியங்காவு, தென்மலைப் பக்கம் ரப்பர் வெட்டும் குடும்பங்கள் பற்றி ஆய்வு. அம்மா தனியாக அனுப்ப மறுக்கிறார். தினம் சண்டை போட்டே பாதி தெம்பு போய்விடுகிறது. (வாசகி, செங்கோட்டை)

உங்கள் களத்துக்கு ஒரு வசதி இருக்கிறது, அம்மாவிடம் அதைச் சொல்லுங்கள். ரப்பர் வெட்டு விடிவதற்கு முன்பே தொடங்கிவிடும். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறையும் என்பதால்தான் அப்படி. வெட்டி, சிரட்டையில் பால் வடிய விட்டு, சேகரித்து, ஷீட் அடிக்கக் கொடுத்தால் உச்சிக்குள் வேலை முடிந்தது. பேட்டிக்கு மதியம் ஒன்றரை முதல் நான்கு வரை தோதான நேரம். அதாவது செங்கோட்டையிலிருந்து போய் இருட்டுவதற்குள் வீடு திரும்பலாம். ரயிலும் உண்டு, பஸ்ஸும் உண்டு. ராத்தங்கல் தேவைப்படுவது அதிகாலை வெட்டைப் பார்க்கிற இரண்டு மூன்று நாளுக்கு மட்டும். அதற்கு அம்மாவையே கூட்டிப் போனாலும் தப்பில்லை. இலையுதிர்ந்து மரத்துக்கு ஓய்வு விடும் பிப்ரவரி, மார்ச்சிலும், மழை மறைப்புக் கட்டாத தோட்டங்களில் கனமழை நாட்களிலும் ஆட்கள் பகலெல்லாம் வீட்டில் இருப்பார்கள்.

அம்மாவின் பயத்துக்குப் பதில் ‘ஒன்றும் ஆகாதும்மா’ அல்ல, ஒரு தாள். அதில் அன்றைக்குப் போகும் வீடு, அந்த வார்டு மெம்பர் அல்லது அங்கன்வாடி டீச்சரின் போன் எண், கடைசி பஸ் நேரம், அதற்கு முந்தைய பஸ் நேரம். நீங்கள் ஏற வேண்டியது முந்தைய பஸ்ஸில்தான், கடைசி பஸ் வராத நாள் உண்டு. மதியம் ஒரு முறை, கிளம்பும்போது ஒரு முறை செய்தி. குறித்த நேரத்துக்கு ஒரு மணி நேரம் கழித்தும் செய்தி இல்லை என்றால் யார் யாரை அழைக்க வேண்டும் என்பதும் அதே தாளில். மலை மடிப்பில் சிக்னல் போகும், ஆகையால் இரண்டு நிறுவன சிம். கேரளத்தில் ஹர்த்தால் அறிவித்தால் அன்று கிளம்பவே வேண்டாம். பிரதி ஒன்று நெறியாளரிடம் இருக்கட்டும். துறைத்தலைவர் கையெழுத்தோடு மலையாளத்தில் ஒரு அறிமுகக் கடிதம் பையில் இருக்கட்டும்.

யாரும் வாய்விட்டுச் சொல்லாத ஒன்று: கழிப்பறை கிடைக்காது என்று பயந்து களத்தில் பெண்கள் தண்ணீரே குடிப்பதில்லை. மூன்றாம் நாள் தலைவலி, ஐந்தாம் நாள் நீர்க்கடுப்பு. அதைச் சோர்வு என்றும் ஊக்கக் குறைவு என்றும் நினைத்துக்கொள்கிறார்கள். முதல் நாளே அங்கன்வாடி, ஆரம்ப சுகாதார நிலையம், தேவாலயம், பள்ளிக்கூடம் என்று நான்கு இடத்தைக் கேட்டு வைத்துக்கொண்டு அதற்கேற்ப வழியைப் போடுங்கள். மதியத்துக்குள் ஒரு லிட்டர் குடித்தாக வேண்டும்.

மூணாறு அருகே பெட்டிமுடியில் குடும்பத்தை இழந்தவர்களிடம் பேட்டி எடுக்கிறேன். களத்தில் இருக்கும்வரை சரியாக இருக்கிறேன். திரும்பியதும் பத்து நாள் எதுவுமே ஓடுவதில்லை. (வாசகர், போடி)

2020 ஆகஸ்ட் 6 இரவு அந்த மண்சரிவில் எழுபது உயிர் போனது. அதைப் பற்றிக் கேட்டுவிட்டு வந்தவருக்கு உடனே வேலை ஓடினால்தான் ஆச்சரியம். பத்து நாளைத் தோல்வியாக எண்ணாமல் திட்டத்திலேயே சேருங்கள். திரும்பிய முதல் மூன்று நாள் எதுவும் வேண்டாம். அடுத்த வாரம் கை மட்டும் செய்கிற வேலை: கோப்புக்கு எண் போடுவது, பெயரை நீக்கிக் குறியீடு இடுவது, பில் ஒட்டுவது.

இந்த வகைப் பேட்டி ஒரு நாளைக்கு ஒன்றுதான். ஆகஸ்ட் முதல் பாதியில் போக வேண்டாம். அவர்களுக்கும் அது கனத்த நாள், நீங்களும் கேமராக் கூட்டத்தில் ஒருவராகிவிடுவீர்கள். எழுத்தாக்கும்போது அதே அழுகையை நிறுத்தி நிறுத்தி, பின்னோக்கி ஓட்டி, நாலு முறை கேட்கிறீர்கள் என்பதை மறக்காதீர்கள். களத்தைவிட மேசைதான் அதிகம் வலிக்கும். பகல் வெளிச்சத்தில், ஒரு அமர்வுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். ராத்திரி கூடவே கூடாது. நெறியாளரிடம் அரை மணி நேரம் கேளுங்கள், அத்தியாயம் பற்றிப் பேச அல்ல, கேட்டதைச் சொல்ல. அவருக்கு அந்தப் பழக்கம் இல்லை என்றால் வேறொரு ஆசிரியர். இரண்டு வாரம் தாண்டியும் தூக்கம், சாப்பாடு திரும்பவில்லை என்றால் தனியாகச் சமாளிக்க வேண்டாம். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416இல் தமிழிலேயே பேசலாம். கேரளத்துக்குள் இருக்கும்போது அந்த மாநில உதவி எண் திஷா 1056.

நகரி விசைத்தறித் தொழிலாளர் பற்றிய ஆய்வு. தெலுங்கு புரியும், பேச நாக்கு எழாது. கூச்சத்திலேயே பாதிக் கேள்வியை விழுங்கிவிடுகிறேன். (வாசகர், திருத்தணி)

1960 ஏப்ரல் 1 வரை திருத்தணியே ஆந்திரத்தில்தான் இருந்தது. அந்தப் பக்கத்தில் இரண்டு மொழியும் புழங்காத தெரு குறைவு. கூச்சம் உங்களுக்கு மட்டும்தான் இருக்கும், அவர்களுக்கு இருக்காது. கேள்வியைத் தமிழில் கேளுங்கள், அவர்கள் தெலுங்கில் சொல்லட்டும். ஒப்புதல் படிவம் மட்டும் கட்டாயம் தெலுங்கிலும் இருக்க வேண்டும். வேறொருவரைக் கொண்டு அதைத் தமிழுக்குத் திருப்பி, பொருள் மாறவில்லையே என்று பார்த்துக்கொள்ளுங்கள். மொழிபெயர்க்க ஆள் வைத்தால் நாள் கூலி பேசி வையுங்கள். ‘அவர் கஷ்டம் என்கிறார்’ என்று சுருக்காமல் ‘நான் பட்ட கடன்’ என்று தன்மையிலேயே சொல்லச் சொல்லுங்கள். தறி முதலாளியின் சொந்தக்காரரை அந்த வேலைக்கு வைத்தால் கூலி பற்றி உண்மை வராது.

தறிக்கூடத்துக்குள் பதிவு செய்ய முயல வேண்டாம், இரைச்சலைத் தவிர எதுவும் விழாது. மின்தடை நேரம் உங்களுக்கு வரம். எல்லோரும் வாசலுக்கு வந்து டீ குடிப்பார்கள். தடை அட்டவணையை முதல் நாளே கேட்டு வையுங்கள். புள்ளிவிவரத்துக்கு ஓர் எச்சரிக்கை: 2011 மக்கள்தொகை அட்டவணைகள் ஆந்திரத்தின் பழைய சித்தூர் மாவட்டத்துக்கானவை. 2022 ஏப்ரல் 4இல் மாவட்டங்கள் பிரிந்தன. மாவட்டத்துக்குள் இருக்கும் சிறு பிரிவான மண்டல அளவு எண்ணை எடுங்கள், மாவட்ட மொத்தத்தை எடுக்காதீர்கள்.

ஐந்தாம் ஆண்டு. களப்பணி முடியவில்லை. நேரம் முடிந்துவிடுமா? (வாசகி, களியக்காவிளை)

பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2022 விதிமுறைப்படி சேர்ந்த நாளிலிருந்து ஆறு ஆண்டு. மறுபதிவு செய்தால் இன்னும் இரண்டு. பெண்களுக்கும் 40 சதவீதத்துக்கு மேல் மாற்றுத்திறன் உள்ளவர்களுக்கும் அதற்கு மேலும் இரண்டு. பிரசவம், பிள்ளை பராமரிப்பு விடுப்பு 240 நாள் வரை தனி. அதற்கு முன் பழைய விதியில் சேர்ந்தவர் என்றால் உங்கள் சேர்க்கை ஆணையைப் பாருங்கள். ஆக, காலம் இருக்கிறது. இருந்தாலும் மறுபதிவு மனுவைக் கடைசி மாதத்தில் கொடுக்காதீர்கள். குழுக் கூட்டம் தள்ளிப்போனால் பதிவு காலாவதி ஆகிவிடும்.

உதவித்தொகை மூன்று மாதம், நான்கு மாதம் தாமதமாக வருகிறது. கைக்காசு போட்டுப் பழவேற்காட்டு மீனவர்களைப் பார்க்க எத்தனை முறை போவது? பணத்தை நினைத்தாலே போக மனம் வருவதில்லை. (வாசகர், ஆரம்பாக்கம்)

இளநிலை ஆய்வு உதவித்தொகை (ஜேஆர்எஃப்) மாதம் 37,000, முதுநிலைக்கு (எஸ்ஆர்எஃப்) 42,000 என்று 2023 ஜனவரி முதல் உயர்ந்தாலும், கைக்கு எப்போது வரும் என்பதுதான் கேள்வி. எனவே பயணத்தைத் தொகை வரும் மாதத்தோடு கட்டாமல் இருப்பில் உள்ள காசோடு கட்டுங்கள். ஒரு பயணத்துக்கு பஸ், அறை, சாப்பாடு, படகு, போன் ரீசார்ஜ், நகல், மேலே பதினைந்து சதவீதம் எதிர்பாராததற்கு. இந்த மொத்தம் கையில் தனியாக இருந்தால் மட்டும் தேதி குறியுங்கள். பாதிக் காசோடு போனவர் நாலாம் நாள் சாப்பாட்டைக் குறைப்பார், ஆறாம் நாள் திரும்பிவிடுவார், அடுத்த முறை போகப் பயப்படுவார்.

காசு குறைவான மாதங்களில் வீட்டிலிருந்தே ஒரு நாள் பயணமாகப் போய் வாருங்கள். விடியலில் வலை போனவர்கள் திரும்பி மீனை விற்றுவிட்டு ஓய்ந்திருக்கும் பிற்பகல்தான் பேச்சுக்குச் சரி. மீன்பிடி இடத்தை நாள்முறை வைத்துப் பங்கிடும் பாடு முறையில் யாருக்கு எந்த நாள் முறை என்று சங்கத்தில் கேட்டு வாங்கினால், முறை இல்லாத நாளில் ஆளைப் பிடிக்கலாம், வீண் அலைச்சல் இல்லை. கடலுக்குப் போகும் விசைப்படகுக்காரர்கள் உங்கள் பட்டியலில் இருந்தால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். கரையில் இருப்பார்கள், நேரமும் இருக்கும். வருமானம் இல்லாத நாட்கள் என்பதை மட்டும் நினைவில் வைத்துப் பேசுங்கள்.

யுஜிசி உதவித்தொகை என்றால் கலைப்பிரிவுக்கு முதல் இரண்டாண்டு ஆண்டுக்கு 10,000, பிறகு 20,500 எதிர்பாராச் செலவு நிதி உண்டு. களப் பயணத்தை அதில் எந்தத் தலைப்பில் போட வேண்டும் என்று கணக்குப் பிரிவு எழுத்தரிடமே போகும் முன் கேளுங்கள். ஆண்டு முடிவில் செலவழிக்காமல் விடுகிறவர்கள் நிறைய. முன்பணம் வாங்க முடிந்தால் வாங்குங்கள், ஆனால் பழைய முன்பணக் கணக்கை முடிக்காமல் புதியது வராது. கணக்கு முடியாமல் போவதற்குக் காரணம் பெரும்பாலும் பஸ் டிக்கெட். கண்டக்டர் மெஷினில் அடித்துக் கொடுக்கும் அந்தச் சீட்டு வெயிலிலும் வியர்வையிலும் சில வாரத்தில் வெள்ளைத் தாளாகிவிடும். ஏறிய இடத்திலேயே தேதியும் தொகையும் தெரிய போனில் படம் எடுங்கள், இரவு குறிப்பு எழுதும்போது நோட்டில் ஒட்டி, பக்கத்தில் பேனாவால் வழித்தடத்தையும் தொகையையும் எழுதுங்கள். பிளாஸ்டிக் டேப்பை எழுத்தின் மேல் ஒட்ட வேண்டாம், பசை பட்ட இடம் இன்னும் சீக்கிரம் மங்கும்.